தலைக்கு வந்தது...

அமெரிக்காவில் அக்கா இருக்கிறவர்களுக்கு மூன்று கஷ்டங்கள் உண்டு. முதலாவது, ஊரில் இருக்கிற ஊறுகாயையெல்லாம் 23 கிலோ பெட்டிக்குள் அடக்கி, வழியில் மூடி திறந்து சட்டை பேண்ட்டெல்லாம் ஆவக்காய் மணக்காமல் கொண்டு போய்ச் சேர்ப்பது. இரண்டாவது, அக்கா பையனுக்கு ஒரே மாதத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு. மூன்றாவது, மச்சானோடு காரில் ஊர் சுற்றுவது.

மூன்றாவதுதான் ரொம்ப சிரமம். மச்சான் தங்கமான மனுஷர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கைடு ஆகிவிடுவார்.

"மாப்ளே, அதோ தெரியுது பாரு, அது மலை."

"தெரியுது மச்சான்."

"இந்தப் பக்கம் பாரு. இது பாலைவனம்."

"ஆமா மச்சான். மணலா இருக்கு."

2023 டிசம்பரில் இப்படியே சுமார் 430 கிலோமீட்டர் வந்து லாஸ் வேகாஸில் இறங்கினோம். சூதாட்டத்துக்குப் பேர்போன ஊர். "ஒரு தடவை ஆடிப் பாருடா" என்று மச்சான் உசுப்பேற்ற, நானும் ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழம், செர்ரிப்பழம், மணி என்று படங்கள் சுற்றின. நாலே நிமிஷத்தில் 20 டாலர் போச்சு. 83-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 1,660 ரூபாய்! பி.காம். படித்தவனுக்கு எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற வியாதி உண்டு. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அக்காதான் தேற்றினாள். "போனது போகட்டும்டா. நாளைக்கு ஹூவர் அணைக்குப் போவோம். பக்கத்துல பௌல்டர் சிட்டின்னு ஒரு ஊரு. அணை கட்ட வந்த தொழிலாளிங்களுக்காகவே கட்டின ஊரு. அங்க இன்னிக்கு வரைக்கும் சூதாட்டம் கிடையாது."

அந்த ஊரை அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

* * *

நான் சேலத்துக்காரன். சேலத்துக்காரனிடம் அணையைப் பற்றிப் பேசினால், 'எங்க மேட்டூரைவிடவா?' என்ற கேள்வி தானாக வாயில் வந்துவிடும். மேட்டூர் அணை 214 அடி உயரம். 1934-ல் முடிந்தது. சின்ன வயதில் பூங்காவில் புளிசோறு சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன்.

ஹூவர் அணையின் மேலே நின்று கீழே எட்டிப் பார்த்தபோது, மேட்டூர் பெருமையைக் கொஞ்சம் மடித்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

726 அடி! இரண்டு பக்கமும் செங்குத்தான கறுப்பு மலை. நடுவில் கொலராடோ ஆறு. அந்த மலை இடுக்கின் குறுக்கே, வளைத்து வைத்த பிரம்மாண்டமான முறம் மாதிரி வெள்ளை கான்கிரீட் சுவர். 1931-ல் ஆரம்பித்து, 1935 செப்டம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து திறந்து வைத்து, 1936 மார்ச்சில் வேலையை முடித்து ஒப்படைத்திருக்கிறார்கள். அதுவும் கெடுவுக்கு இரண்டு வருஷம் முன்னதாக! நம் ஊரில் கெடுவுக்கு முன்னால் நடப்பது கல்யாண மண்டபத்தில் சாப்பாடு தீர்ந்துபோவது மட்டும்தான்.

அணையின் ஒரு பாதி நெவாடா மாநிலம். மறு பாதி அரிஸோனா. பக்கத்துக்கு ஒரு கடிகாரம். குளிர்காலத்தில் அரிஸோனா கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். மச்சான் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "மாப்ளே, இப்ப எனக்கு ஒரு மணி நேரம் வயசு கூடிருச்சு... இப்ப குறைஞ்சிருச்சு" என்று விளையாடிக்கொண்டிருந்தார். அக்கா, "வயசு குறைஞ்சாலும் புத்தி அதேதான்" என்றாள்.

இன்னொரு இடத்தில் இறக்கை விரித்த இரண்டு ராட்சச வெண்கல மனிதர்கள். அவர்களின் கால் விரலைத் தடவினால் அதிர்ஷ்டமாம். ஜனங்கள் தடவித் தடவி விரல்கள் மட்டும் பளபள. நானும் தடவினேன். முந்தின நாள் விட்ட 1,660 ரூபாய் திரும்பி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

* * *

காபிக்கடைப் பக்கம் போனபோதுதான் அந்தச் சிலையைப் பார்த்தேன்.

பாறைச் சுவரில் கயிற்றில் தொங்குகிற ஒரு மனிதன். உட்கார ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு துண்டு. தலையில் ஒரு தொப்பி. வெண்கலத்தில் செய்திருந்தாலும், அவன் தொங்குவதைப் பார்த்தால் நமக்கு அடிவயிறு கூசுகிறது.

"யாரு மாமா இது? ஸ்பைடர்மேனா?" என்றான் அக்கா பையன். எட்டு வயசு.

பக்கத்தில் எழுதியிருந்ததையும், அணையின் மியூசியத்தில் படித்ததையும், மச்சான் ஃபோனில் தேடி உரக்க வாசித்ததையும் சேர்த்து அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இவர்களுக்கு 'ஹை ஸ்கேலர்' என்று பெயர். அணை கட்டுவதற்கு முன்னால் மலைச் சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும். வெயிலிலும் பனியிலும் வெடித்து, ஆடுகிற பல் மாதிரி நிற்கிற பாறைகளைப் பெயர்த்துத் தள்ளவேண்டும். அணையின் தோள் கெட்டியான பாறையில் பதிய வேண்டும் என்பது ஒரு காரணம். அந்த ஆடுகிற பாறை என்றைக்காவது கீழே வேலை செய்கிறவன் தலையில் விழும் என்பது இன்னொரு காரணம். மலை உச்சியில் கயிற்றைக் கட்டி இறங்கி, 20 கிலோ எடையுள்ள துளைபோடும் மெஷினோடும் டைனமைட்டோடும் அந்தரத்தில் தொங்கியபடி வேலை. பழைய கப்பல்காரர்கள், சர்க்கஸில் பல்டி அடித்தவர்கள், செவ்விந்தியர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இருந்தார்களாம். அமெரிக்காவில் வேலையே இல்லாமல் ஜனங்கள் தவித்த காலம் அது. எந்த வேலை என்று கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை.

ஒரு சம்பவம். மேலே நின்ற எஞ்சினியர் ஒருவர் கால் தவறி விழுந்துவிட்டார். 25 அடி கீழே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஸ்கேலர், சத்தம் கேட்டு, கண்முன்னே சரிந்து வந்தவரின் காலைப் பிடித்து நிறுத்திவிட்டார். இன்னொருவர் ஊஞ்சலாடி வந்து அவரைப் பாறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆள் பிழைத்துவிட்டார்!

"சூப்பர்!" என்று குதித்தான் பையன்.

மனிதன் விழுந்தால் யாராவது எட்டிப் பிடிக்கலாம். கல் விழுந்தால்?

அந்த அணையில் உயிர்ப்பலி வாங்கியதில் முதலிடம் மேலிருந்து விழுந்த பொருள்களுக்குத்தான். கல், இரும்பு, மேலே ஒருவர் நழுவவிட்ட ஏதோ ஒன்று. இதற்குத் தொழிலாளர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாதாரணத் துணித் தொப்பியை எடுத்துத் தாரில் முக்கினார்கள். காயவிட்டார்கள். அது கல் மாதிரி இறுகிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

மேலிருந்து கல் விழுந்து, தாடை எலும்பே உடைகிற அளவுக்கு அடி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தொப்பி போட்டிருந்தவர்களின் மண்டை ஓட்டில் சேதமில்லை. இதைக் கம்பெனிக்காரர்கள் பார்த்தார்கள். தொழிலாளி தன் சொந்தத் தொப்பியில் தார் பூசித் தலையைக் காப்பாற்றிக்கொள்வதைப் பார்த்த பிறகு, ஆயிரக்கணக்கில் கெட்டித் தொப்பிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 'ஹார்ட் பாயில்ட் ஹேட்' என்று அதற்குப் பெயர். அவித்த முட்டை மாதிரி அவித்த தொப்பி! 1919-லேயே சான்பிரான்சிஸ்கோவில் புல்லார்ட் என்பவர், முதல் உலகப் போரில் தான் போட்டிருந்த இரும்புத் தொப்பியை மனதில் வைத்து, கெட்டித் துணியையும் பசையையும் ஆவியில் வேகவைத்து இப்படி ஒரு தொப்பி செய்து விற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பெயர்தான் பின்னாளில் 'ஹார்ட் ஹேட்' என்று சுருங்கியது. இன்றைக்கு உலகம் பூராவும் கட்டிட வேலையில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டின் தாத்தா இந்தத் தொப்பிதான்.

மச்சான் ஃபோனை மூடிவிட்டு, "பாத்தியா மாப்ளே, நம்ம ஊர்ல சொல்லுவாங்களே... தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு. அது அப்படியே இதுதான்!" என்றார்.

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வார்த்தையை, அதே மாதிரி சந்தோஷமாக, இன்னொருவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

* * *

2011. எனக்கு 23 வயது. சென்னையில் ஒரு கட்டிடக் கம்பெனியில் சைட் அக்கவுண்டண்ட். பெயர்தான் பெரிசு. கீழே வண்டி நிறுத்த இடம், மேலே நாலு மாடி என்று ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் வாசலில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், நான். எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை லோடு மணல் வந்தது, யார் யாருக்கு எத்தனை நாள் கூலி... இதுதான் வேலை.

சித்தாள் வேலைக்குச் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். சைட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, ஊர்ப் பெயர்தான். அதனால் அவர் 'செய்யாறு அக்கா'. நாற்பது வயதிருக்கும். அவருக்கு நான் 'கணக்குப் புள்ள'.

"கணக்குப் புள்ள, சனிக்கிழமை பேரை விட்டுட்டியே! எழுதுப்பா. எங்க வூட்ல மூணு வயிறு இருக்குது."

டீ வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் வாங்கி வருவார். காசு கொடுத்தால், "கணக்குல எழுதிக்க" என்று சிரிப்பார்.

அப்போது ஒரு கொட்டேஷன் வந்தது. கட்டிடத்தைச் சுற்றிக் கட்ட கெட்டியான வலை, நடைபாதைக்கு மேலே பலகை மறைப்பு, 20 ஹெல்மெட். எல்லாம் சேர்த்து 18,400 ரூபாய். சைட் எஞ்சினியர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். முதலாளி என்னிடம், "என்னப்பா, இந்த மாசம் செலவு எகிறுதே. எதைத் தள்ளிப் போடலாம்?" என்று கேட்டார். கணக்குப் புலி நான் யோசிக்கவே இல்லை. கொட்டேஷனின் மூலையில் பென்சிலால் எழுதினேன்: 'அடுத்த மாதம்.'

"கெட்டிக்காரன்யா நீ" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம். நாலாவது மாடியில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த செங்கல், காய்ந்த சாந்து, ஆணி அடித்த பலகைத் துண்டு என்று குப்பை குவிந்துவிட்டது. அதையெல்லாம் மூட்டை கட்டிப் படி இறக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கீழே பார்த்து, "ஓரம்... ஓரம்!" என்று ஒரு சத்தம். பிறகு தள்ளுவது. தினமும் நடப்பதுதான்.

நாலாவது மாடி என்றால் சுமார் 12 மீட்டர். அங்கிருந்து விழுகிற செங்கல் தரைக்கு வர ஒன்றரை வினாடி. வந்து சேரும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். 'ஓரம்' என்ற சத்தத்தைக் கேட்டு, அது நமக்குத்தான் என்று புரிந்து, எந்தப் பக்கம் ஓரம் என்று முடிவு செய்து, தலையில் சாந்துச் சட்டியை இறக்கிவிட்டு நகர்வதற்கு ஒன்றரை வினாடி போதாது. இந்தக் கணக்கை நான் பிற்பாடுதான் போட்டேன். அன்றைக்குச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சட்டி உருண்டது.

செய்யாறு அக்கா சட்டியைக் கொட்டிவிட்டு, வெறும் சும்மாட்டோடு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். அரைச் செங்கல் தலையின் ஓரத்தில் பட்டு, வலது தோளில் இறங்கியிருந்தது. பழைய புடவையைச் சுற்றி வைத்த அந்தச் சும்மாடு பாதி அடியை வாங்கிக்கொண்டது. மீதிப் பாதி காறை எலும்பை உடைத்துவிட்டது. காதுக்குப் பின்னால் ரத்தம்.

ஆட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "துணி இருந்ததால மண்டை தப்பிச்சுது" என்றார் டாக்டர். உடனே மேஸ்திரி, பாரம் இறங்கிய குரலில் சொன்னார்:

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

மறுநாள் காலை வவுச்சர் எழுத உட்கார்ந்தேன். ஆட்டோ 150. எக்ஸ்ரே, மருந்து 850. கையில் கொடுத்தது 2,500. ஆக மொத்தம் 3,500 ரூபாய். முதலாளிக்கு ஃபோன் போட்டேன்.

"சார், இதை எந்த ஹெட்ல போடறது?"

ஒரு பெண்ணின் மண்டையில் தையல் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. நான் கேட்ட கேள்வி, எந்த ஹெட்!

"இதரச் செலவுல போடு" என்றார்.

போட்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அக்கா சைட்டுக்கு வந்தார். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சட்டி தூக்க முடியாத சித்தாளுக்கு மேஸ்திரி எங்கே வேலை கொடுப்பார்? கொட்டகை வாசலில் நின்று, "கணக்குப் புள்ள, பேர் எழுதுற வேலை எதுனா இருந்தா சொல்லுப்பா. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். மிச்சத்தைக் கத்துக்குவேன்" என்றார். போகும்போது டீ வேண்டுமா என்று வேறு கேட்டார்.

காலேஜில் எனக்கு வணிகச் சட்டம் ஒரு பாடம். 1923-ஆம் வருஷத்து தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அதில் ஒரு கேள்வி. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டு உடம்பின் சக்தி நிரந்தரமாகக் குறைந்தால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, 62 மார்க் வாங்கியவன் நான். அந்தக் கொட்டகையில் அந்தச் சட்டம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த அக்காவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

பிறகு நான் அந்த வேலையை விட்டேன். கோபித்துக்கொண்டு வீரமாக வெளியே வந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், வேறொரு இடத்தில் 2,000 ரூபாய் கூடக் கிடைத்தது.

* * *

"மாமா, ஏன் பேசாம நிக்கறீங்க?" என்று பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அணையில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பாலைவனம் பூக்கட்டும் என்று உயிர் கொடுத்தவர்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. அரசாங்கக் கணக்குப்படி கட்டுமான வேலையில் இறந்தவர்கள் 96 பேர்.

மச்சான், "இவ்ளோ பெரிய அணைக்கு 96 தானா?" என்றார். நாலு வரி தள்ளிப் படித்தால் விஷயம் புரிகிறது. ஆற்றைத் திருப்பிவிட மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். அதற்குள் பெட்ரோல் லாரிகள் ஓடின. புகையில் வேலை பார்த்துப் படுத்த படுக்கையாகி இறந்தவர்கள் பலருக்கு 'நிமோனியா' என்று எழுதப்பட்டது. அவர்கள் இந்த 96-ல் சேரவில்லை. அது நிமோனியாவே இல்லை, விஷப்புகை, நஷ்டஈடு கொடுக்காமல் தப்பிக்கத்தான் அப்படி எழுதினார்கள் என்று தொழிலாளர்கள் அப்போதே சொன்னார்கள்.

எனக்குச் சுரீரென்றது. எந்த ஹெட்டில் போடுவது என்ற கேள்வியை என்னைப் போல் எவனோ ஒரு கணக்குப் புள்ள 1930-களிலேயே, இந்த மலைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அவனுக்குக் கிடைத்த ஹெட் நிமோனியா. எனக்குக் கிடைத்தது இதரச் செலவு.

இன்னொரு விஷயமும் அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அன்று நான் அந்த 20 ஹெல்மெட்டை வாங்கியிருந்தாலும் செய்யாறு அக்கா அதைப் போட்டிருக்க முடியாது. ஹெல்மெட் மேல் எப்படிச் சாந்துச் சட்டி நிற்கும்? தலையால் சுமக்கிறவருக்குச் சும்மாடுதான். ஆகவே கல்லைத் தலைக்கு வரும் வரை விட்டுவிட்டு, பிறகு தலைப்பாகையைத் தேடுவதில் பிரயோஜனமில்லை. கல்லை மேலேயே நிறுத்த வேண்டும். அந்த ஹை ஸ்கேலர்கள் செய்ததும் அதைத்தானே? கீழே ஆள் வருவதற்கு முன்னால், ஆடுகிற பாறையை அகற்றினார்கள்.

கட்டிடத்திலும் அதற்கெல்லாம் வழி இருக்கிறது. சாரத்தின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடித்தால் செங்கல் உருண்டு விழாது. குப்பையைத் தள்ளக் குழாய் மாதிரி ஒரு சரிவு வைத்தால் அது போகிற இடத்துக்குத்தான் போகும். தள்ளுகிற பக்கம் கயிறு கட்டி ஆளை விடாமல் நிறுத்தலாம். மத்திய அரசு 1998-ல் போட்ட கட்டிடத் தொழிலாளர் விதிகளிலேயே இருந்தது: 15 மீட்டருக்கும் அதற்கு மேலும் உயரும் கட்டிடம் என்றால், சுற்றிலும் குறைந்தது இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தலைக்கு மேல் ஒரு மறைப்பு கட்ட வேண்டும், தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்குள் அது இருக்க வேண்டும். எங்கள் கட்டிடம் 16 மீட்டர்.

இதே அமெரிக்காவில், இந்த அணையை அடுத்து, சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டினார்கள். 1933-லிருந்து 1937 வரை. அங்கே ஹெல்மெட் கட்டாயம். அது போதாதென்று தலைமை எஞ்சினியர் ஸ்ட்ராஸ், பாலத்துக்கு அடியில் முழு நீளத்துக்கும் வலை கட்டச் சொன்னார். செலவு 1,30,000 டாலருக்கு மேல். அந்தக் காலத்தில்! அதில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். 1937 பிப்ரவரியில் ஒரு கனமான சாரம் பெயர்ந்து விழுந்து வலையையே கிழித்துக்கொண்டு போனதில் 10 பேர் இறந்தார்கள் என்பதும் உண்மை. வலைக்கும் ஓர் அளவு உண்டு. ஆனால் அந்த 19 பேர் வீட்டுக்குப் போனார்கள்.

வியாதி விடுமா? வகுத்துப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 6,800 டாலர். ஸ்ட்ராஸ் பக்கத்தில் என்னைப் போன்ற ஒரு கெட்டிக்காரன் உட்கார்ந்து பென்சிலால் 'அடுத்த மாதம்' என்று எழுதியிருந்தால்?

திரும்புகிற வழியில் நினைவுப் பொருள் கடை. குழந்தைகள் போடுகிற மாதிரி ஹெல்மெட் ஒன்றைப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தேன். விலையை ரூபாயில் பெருக்கவில்லை. அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

* * *

சென்னைக்குத் திரும்பினேன். 2024 ஜனவரி. எங்கள் தெருமுனையில் ஒரு அடுக்குமாடி ஏறிக்கொண்டிருந்தது. நான் ஊருக்குப் போகும்போது இரண்டு மாடி. இப்போது நாலு. இன்னும் ஒன்று பாக்கி. சுற்றிலும் பச்சை வலை கட்டியிருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அது தூசிக்குக் கட்டுகிற துணி. செங்கல்லைத் தாங்காது.

வாசலில் அதே தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பையன். மேஜையில் லேப்டாப் இருந்ததைத் தவிர, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே நான்!

"தம்பி, பி.காமா?"

"ஆமா சார். எப்படித் தெரியும்?"

"தெரியும். இந்த வாசல் நடைபாதைக்கு மேல மறைப்பு எதுவும் போடலியா? மேலேர்ந்து கல்லு விழுந்தா?"

"எஞ்சினியர் எழுதிக் கொடுத்திருக்கார் சார். நெட்டு, ஷீட்டு எல்லாம். கொட்டேஷன் கூட வந்துடுச்சு. அடுத்த மாசம் பார்க்கலாம்னு..."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். செய்யாறு அக்கா, அரைச் செங்கல், ஒன்றரை வினாடி, 3,500 ரூபாய், எந்த ஹெட் என்று நான் கேட்டது, சட்டம் தெரிந்தும் வாயைத் திறக்காதது, எல்லாம். கோயிலில் கூட நான் இவ்வளவு உண்மை பேசியதில்லை. அவன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். 'யாருடா இந்த ஆளு, வேலை நேரத்துல' என்று நினைத்திருப்பான் என்றுதான் எழுந்து வந்தேன்.

நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். புது வலை ஒன்றும் வரவில்லை. ஆனால் வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும், சவுக்குக் கட்டை நட்டு, பழைய சென்ட்ரிங் பலகைகளை இரண்டு அடுக்காக மேலே பரப்பி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குப்பை தள்ளுகிற பக்கம் ஒரு கயிறு.

பையன் என்னைப் பார்த்து எழுந்து வந்தான்.

"மேஸ்திரிகிட்ட சொன்னேன் சார். பலகை இங்கயே சும்மாதான் கிடந்துச்சு. ஒரு மணி நேர வேலை. செலவே இல்ல. வவுச்சர் கூட எழுதல."

"நெட்டு?"

"அதுக்கு சாரைத் திரும்பக் கேட்டிருக்கேன். இந்த மாசம்னு."

அப்போது ஒரு சித்தாள் அம்மா, தலையில் சும்மாடு, மேலே சாந்துச் சட்டி, அந்தப் பலகைக்குக் கீழே நடந்து போனார். அண்ணாந்து பார்க்காமல் போனார். மேலே எங்கேயோ, "ஓரம்... ஓரம்!" என்று சத்தம் கேட்டது.

தட் என்று பலகை மேல் ஏதோ விழுந்தது. அவர் ஒரு கணம் நின்றார். அப்புறம் சட்டியை ஒரு கையால் சரி செய்துகொண்டு மேலே நடந்தார்.